விழாத கொம்பு

கொம்பின் அடி தட்டையாக இருக்கிறது. இதோடு எத்தனையாவது தடவை தடவிப் பார்க்கிறேன் என்று தெரியாது. கோப்பை கழுவுவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்து தடவுகிறேன். வேலைக்குப் போக ஒரு காலில் சப்பாத்தைப் போட்டபிறகு நொண்டிக்கொண்டு திரும்பி வந்து தடவுகிறேன். தட்டைதான். வாளால் அரிந்த மெல்லிய கோடுகள் விரல் நுனியில் படுகின்றன.

உன் மனிசன் போன சனிக்கிழமை கொண்டுவந்து தந்தார். உங்கள் ஹவுகன்ஸ்டுவா வீட்டில் இருந்து ரயில் மாறி என்னுடைய ஹொல்ம்லியா வரைக்கும், ஒரு பழைய சாரத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டை ஒதுக்குகிறாராம், பேர்கனில் மகளோடு போய் இருக்கப்போகிறாராம். தேத்தண்ணி வேண்டாம் என்றார், மேல்கோட்டைக் கழற்றவும் இல்லை. சாரத்தை விரித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. சுளகு மாதிரி விரிந்த கொம்பு. ஓரத்து முனைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேராமல் கீழ்நோக்கி வளைந்திருந்தது.

"இது எப்ப எடுத்தவ அண்ணை?"

"மூண்டு வருசம் இரிக்கும். பனி கரைஞ்ச கையோட தனியப் போனவ. வந்து குளிச்சிட்டு, சாப்பிடாமப் படுத்திட்டா. இதக் கீழ ஸ்டோர் அறையில வச்சிட்டு, 'இத அவக்கு நீங்களாக் குடுக்காதீங்க, அவ கேட்டாக் குடுங்க' எண்டவ."

"நான் கேக்கேல்லையே."

"ஓம், நீங்க கேக்கல்ல. நான் இதக் கொண்டு போய் பேர்கன்ல என்ன செய்யிற?"

அவர் போனபிறகுதான் கொம்பைத் திருப்பி அடியைப் பார்த்தேன். அதன்பிறகு என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. நான் எப்போதுதான் ஒரு இடத்தில் இருந்தேன் என்று நீ கேட்பாய். இது அந்த வகை அல்ல.

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். எழுதினால்தான் என் மண்டைக்குள் ஒரு ஒழுங்கு வரும். நோர்வேக்காரர் எல்க் என்று சொல்லும் அந்தப் பெரிய மிருகத்தை நீ கடைசிவரை மரை என்றுதான் சொன்னாய். "நம்மட மரைதான் கா, குளிருக்குக் கொஞ்சம் பெருத்திட்டுது" என்பாய். கடா மரை வருடத்துக்கு ஒரு தடவை, மார்கழி தையில், கொம்பைத் தானாக உதிர்க்கும். பிறகு புதிதாக முளைக்கும். அப்படி உதிர்ந்த கொம்பின் அடி குவிந்து, தேங்காய்ப்பூவைத் தொட்டது போலச் சொரசொரப்பாக இருக்கும். தட்டையாக இருந்தால் ஒரேயொரு அர்த்தம்தான். அதை யாரோ மண்டையோட்டில் இருந்து அரிந்து எடுத்திருக்கிறார்கள். மரை அதற்கு முன்பே செத்துவிட்டது.

நான் மூன்று வசந்தகாலம் அந்தக் காட்டில் உதிர்ந்த கொம்பைத் தேடினேன். நீ என்னோடுகூட நடந்தாய். முதலாவது தேடலுக்கு முன்பே இது உன் வீட்டு ஸ்டோர் அறையில் இருந்திருக்கிறது.

எனக்கு உன்மேல் கோபம். செத்தவளோடு கோபிக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் அவர்களோடும் கோபம். ஆனால் கோபத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தால், அது கடைசியில் என் வாசலில்தான் வந்து நிற்கிறது.

இந்த வேட்டைக்குள் என்னை இழுத்துவிட்டவளே நீதான். நாங்கள் வேலை செய்த முதியோர் இல்லத்தில், கூட வேலை செய்த ஒருத்தி தன் புருசன் ஆர்னேயின் வேட்டைக் குழுவுக்கு ஆள் காணாது என்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள். அவளுக்கு அது ஒரு பேச்சு. நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு "நாங்க ரெண்டு பேரும் வாறம்" என்று நோர்வே மொழியில் சொன்னாய். என்னைக் கேட்கவே இல்லை. வேட்டைக்காரர் சோதனையை நீ முதல் தடவையே பாஸ் பண்ணினாய். நான் வாத்து இனங்களில் கோட்டைவிட்டு இரண்டாம் தடவை எழுதினேன். அந்த வாத்துக் கதையை நீ எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்தாய் என்று எனக்குத் தெரியும்.

சுடுபயிற்சித் திடலில் முதல் நாள் நான் துவக்கைத் தொடவில்லை. பக்கத்தில் யாரோ சுட்ட சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டேன். சுற்றி நின்ற வெள்ளைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் கேட்டதை நீ மட்டக்களப்பில் கேட்டவள், உனக்கு விளங்கியது. நீயும் என் பக்கத்தில் குந்தினாய்.

"இது நாம சுடுற சத்தம் கா. நம்மளச் சுடுற சத்தம் இல்ல. எழும்பு."

நான் எழும்பினேன். அதன்பிறகு எனக்கு அது பிடித்தும்விட்டது, அதை நான் மறைக்கப்போவதில்லை. விடிகிற நேரம் ஈரக் காட்டில் தனியாக இருப்பதும், யாருக்கும் சமைக்காமல் யாருக்கும் மருந்து கொடுக்காமல் ஒரு கல்லில் முதுகைச் சாய்ப்பதும் பிடித்தது. ஆனால் கோயில் சனத்துக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பூமாலை கட்டுகிறவள் புரட்டாசி ஐப்பசியில் மரை சுடுகிறாள் என்றால் எத்தனை வாய் மெல்லும். நீ அதற்கும் சிரித்தாய். "யாப்பாணத்தாக்களுக்கு எல்லாத்துக்கும் ரெண்டு அலுமாரி" என்றாய். சரிதான். ஒரு அலுமாரியில் பட்டுச் சேலை, மற்றதில் செம்மஞ்சள் தொப்பி. இரண்டையும் ஒரேநாளில் திறக்கவேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை.

முதலாவது தேடலுக்கு முந்திய வருடம் கந்தசஷ்டி பிடித்தேன். மகளுக்குக் கலியாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. ஆறு நாளும் பாலும் பழமும்தான், கடைசி நாள் தண்ணீர் மட்டும். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நேர்த்தி வீரியம் குறைந்துவிடும் என்று ஒரு எண்ணம். ஐந்தாம் நாள் பின்னேரம் நீ போன் எடுத்தாய்.

"ஆள் காணாது கா. ரெண்டு பேருக்குக் காய்ச்சல். நீ சும்மா வந்து குந்து, அது போதும்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் இல்லை என்று நீ கேட்பாய், விரதம் என்று சொல்லவேண்டி வரும். அதோடு என் போஸ்ட்டுக்கு அதுவரை எந்த மரையும் வந்ததில்லை. மரை வரக்கூடிய பாதைகளில் ஆளுக்கு ஒரு இடத்தில் இருத்துவார்கள், அதுதான் போஸ்ட். எனக்குத் தந்தது சதுப்பு ஓரம், வராத இடம். சும்மா குந்திவிட்டு மத்தியான ரயிலைப் பிடித்தால் பின்னேரம் சூரன்போருக்குக் கோயிலில் நிற்கலாம். இரண்டு அலுமாரிக்காரியின் கணக்கு இது.

காலையில் நெருப்பைச் சுற்றி எல்லோரும் சொசேஜ் வாட்டினார்கள். நீ ஒன்றைப் பாணுக்குள் வைத்து நீட்டினாய். வயிறு சரியில்லை என்றேன்.

"இண்டைக்குச் சூரன்போர் எல்லோ. பிடிக்கிறியா?"

"இல்லையப்பா. இந்த முறை பிடிக்கேல்லை."

நீ பாணைத் திருப்பி எடுத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடித்தாய்.

பதினொரு மணி இருக்கும். மரை வந்தது. நாய் குரைக்கவில்லை, கொப்பு முறியவில்லை, சதுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய கல்லுக்கு முன்னால் சும்மா நின்றது. வளைந்த முனையை நான் துவக்கின் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். சுடவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. விரதக்காரி, சும்மா குந்த வந்தவள். ஏன் சுட்டேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆசைதான் என்று நினைக்கிறேன். எனக்கும் ஒன்று வந்துவிட்டது என்கிற ஆசை. பசியில் குறுக்குக்கோடு ஆடியது, அது ஆடும்போதே விசையை இழுத்தேன்.

அது முதுகை வளைத்தது. பூனை முதுகை வளைப்பது போல. பிறகு ஊசியிலை மரங்களுக்குள் போனது, ஓடக்கூட இல்லை, நடந்துதான் போனது. அந்த முதுகு எதைச் சொல்கிறது என்று சோதனைக்குப் படித்த எல்லோருக்கும் தெரியும். குண்டு வயிற்றில். வயிற்றில் பட்டால் உடனே பின்னால் போகக்கூடாது. அது எங்காவது கிட்டப் போய்ப் படுக்கும், மணித்தியாலக் கணக்கில் காத்திருந்து, பிறகு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மெல்லப் போகவேண்டும். சுட்டவள் அதுவரை அங்கேயே நிற்கவேண்டும். அதாவது இருட்டும் வரைக்கும்.

ரேடியோவில் ஆர்னே கேட்டார், யார் சுட்டது, என்ன நடந்தது என்று. நான் "பொம்" என்றேன். குறி தப்பியது என்று அர்த்தம். ஒரு அசைக்கு மேல் இல்லாத சொல், அதைச் சொல்ல எனக்கு மூச்சுக்கூடப் பிடிக்கவில்லை.

ஆனால் தப்பியது என்றாலும் விடமாட்டார்கள். சுட்ட இடத்தை யாராவது வந்து பார்க்கவேண்டும், இரத்தமோ மயிரோ கிடக்கிறதா என்று. ஆர்னேயும் நாயும் மலைக்கு அந்தப் பக்கம். பக்கத்துப் போஸ்ட் நீ. உன்னைத்தான் அனுப்பினார்.

நீ சேற்றில் கால் புதையப் புதைய வந்தாய்.

"வடிவாச் சொல்லு கா. எங்க நிண்டது?"

நான் கையை நீட்டினேன். கல்லைக் காட்டவில்லை. நாற்பது மீட்டர் இந்தப் பக்கம் தனியாக நின்ற பேர்ச் மரத்தைக் காட்டினேன்.

"அந்த பேர்ச்சுக்குப் பக்கத்திலை."

நீ அங்கே போனாய். குனிந்தாய். ஐந்நூறு கிலோ மிருகம் நின்ற ஈர நிலத்தில் குளம்பு பதியாமல் இருக்குமா? நான் அதைக்கூட யோசிக்கவில்லை, அவ்வளவு கெட்டித்தனமான பொய். பாசி மெத்தை கலையாமல் கிடந்திருக்கும். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். பிறகு நீ ரேடியோவை எடுத்து, "இங்கே ஒன்றும் இல்லை" என்று ஆர்னேக்குச் சொன்னாய். அது பொய் இல்லை. அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

என்னை ஸ்டேசனுக்குக் கூட்டிப்போனதும் நீதான். ரயில் பாதை தெரிகிற இடத்தில் சொன்னாய், "சுட்டாப் போல பொத்தெண்டு ஒரு சத்தம் கேட்டது."

"மரத்திலை பட்டிருக்கும்."

"ம்."

சூரன்போருக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வேல் போய்ச் சூரனின் தலையில் பட்டபோது சனம் அரோகரா என்றது. என் கண்ணுக்குள் வளைந்த முதுகுதான் நின்றது.

அடுத்த மாதமே மகள் சொன்னாள், மூன்று கர்ப்பப் பரிசோதனைக் குச்சியைப் படம் எடுத்து அனுப்பினாள். நான் சந்தோசப்பட்டேன், அந்தச் சந்தோசத்துக்குள் ஒரு பயம் ஊசி மாதிரிக் குத்திக்கொண்டே இருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது, அதற்கு எதைக் கொடுத்தேன் என்று கடவுளுக்கும் எனக்கும்தான் தெரியும் என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்கு ஒரு வழி தோன்றியது. அந்தக் கொம்பன் பிழைத்திருந்தால் தை மாதம் கொம்பு உதிர்த்திருக்கும். வளைந்த முனையோடு ஒரு கொம்பு, அடி சொரசொரப்பாக, காட்டில் எங்காவது கிடந்தால் போதும். அது உயிரோடு இருந்தது என்று அர்த்தம். நான் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம்.

சித்திரையில் உன்னைக் கேட்டேன், கொம்பு தேடிப் போவமா என்று. ஒரு விளையாட்டுப் போலத்தான் கேட்டேன். நீ உடனே ஓம் என்று சொல்லவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. "போவம்" என்று சொல்ல உனக்கு ஒரு நிமிடம் எடுத்தது.

முதல் வருடம் நாங்கள் ஒரு சின்னக் கொம்பு கண்டோம். வேறு ஏதோ ஒரு குட்டிக் கடாவின் கொம்பு, பாதி எலி தின்றது. அதைத்தான் ஆர்னே தன் குடிசையில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார், உதிர்ந்த அடி எப்படி, அரிந்த அடி எப்படி என்று. நான் கேட்டேன், அப்படியென்றால் உதிர்ந்த கொம்பு கிடைத்தால் அந்த மிருகம் தை வரைக்கும் உயிரோடு இருந்தது நிச்சயமா என்று. ஆர்னே சிரித்தார். "செத்தது கொம்பு உதிர்க்காது" என்றார். நான் எவ்வளவு நிம்மதியோடு கேட்டுக்கொண்டிருந்தேன். நீ யன்னலுக்கு வெளியே நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும். நான் முன்னால் ஓடுவேன், நீ பின்னால் வருவாய். "ஒன்ட காலுக்குள்ள எறும்பா கா, மெல்லப் போ" என்பாய். வடக்குச் சரிவு, பழைய வெட்டுக்காடு, ஓடைக்கரை எல்லாம் தேடினோம். சதுப்புக்கு அந்தப் பக்கம் போகலாம் என்று நான் திரும்பும்போதெல்லாம் நீ மறித்தாய். "அங்கால சேறு கா, கால் போயிரும். மறுகா பாப்பம்." மறுகா என்றால் பிறகு என்று எனக்குப் பழகிவிட்டது. எனக்கும் அந்தக் கல்லுக்குக் கிட்டப் போக விருப்பமில்லை என்பதால் நான் வற்புறுத்தவில்லை.

ஒவ்வொரு தேடலிலும், தேத்தண்ணிப் போத்தலைத் திறக்கிற நேரத்தில் நீ ஒன்று கேட்பாய். சும்மா கேட்பது போலக் கேட்பாய்.

"எனக்கு ஏதும் சொல்லக் கிடக்கா கா?"

நான் பேத்தியின் படத்தைக் காட்டுவேன். பல் முளைத்ததைச் சொல்லுவேன். பென்சன் கடுதாசி வந்ததைச் சொல்லுவேன். நீ எல்லாவற்றையும் கேட்பாய், பிஸ்கட்டை இரண்டாக முறித்து ஒரு பாதியைத் தருவாய்.

ஆஸ்பத்திரியிலும் கேட்டாய். மாசி மாதம், உன் குரல் மெலிந்துபோன கிழமை. நான் ரசம் கொண்டு வந்திருந்தேன். தலையணையைச் சரிசெய்தேன், யன்னலைத் திறந்தேன், மூடினேன், பூவுக்குத் தண்ணீர் மாற்றினேன். நீ "இரி கா" என்றாய். இருந்தேன். கேட்டாய். எனக்கு வாய் வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. ஆனால் நான் சொன்னது வேறு.

"வாற சித்திரைக்கும் கொம்பு தேடிப் போவம். நீ கெதியா எழும்பு."

"மறுகா பாப்பம்" என்றாய். கண்ணை மூடிக்கொண்டாய். எனக்கு அப்போது ஒரு விடுதலை மாதிரித்தான் இருந்தது, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனேன். யாருக்கும் சொல்லவில்லை. ஸ்டேசனில் இருந்து காடு வரைக்கும் நடந்தேன், பஸ்சுக்குக் காத்துநிற்கப் பொறுமை இல்லை. கொம்பை முதுகுப் பையில் வைத்திருந்தேன், ஏன் என்று கேட்காதே. சதுப்பின் ஓரத்தால் சுற்றிப் போனால் சேறு கணுக்கால் வரைக்கும்கூட இல்லை. நீ சொன்ன அளவுக்குச் சேறு ஒருநாளும் இருந்திருக்காது.

கல்லடியில் இருந்து எண்ணிக்கொண்டு நடந்தேன். இருநூறு அடி வைக்கவில்லை. ஒரு பைன் மரத்தின் தாழ்ந்த கொப்பில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது, இரத்தத் தடத்தை அடையாளம் பண்ண நீ எப்போதும் பொக்கற்றில் வைத்திருக்கும் அந்த ரிப்பன், வெயிலில் வெளிறிப் போய். அதற்குக் கீழே எலும்புகள். நரி இழுத்தது போகக் கிடந்தவற்றை நீ ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தாய். மண்டையோடு பாசிக்குள் பாதி புதைந்திருந்தது. ஒரு பக்கக் கொம்பு அப்படியே இருந்தது. மறுபக்கம் அரிந்த இடம். நான் பையில் இருந்ததை எடுத்து வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

மண்டையோட்டுக்கு முன்னால் சின்ன மெழுகுதிரிகளின் வெறும் தகரக் கிண்ணங்கள் மூன்று இருந்தன. வருடத்துக்கு ஒன்று. என்னை வீட்டில் இறக்கிவிட்டு நீ தனியாகத் திரும்பி வந்திருக்கிறாய். ஒவ்வொரு வருடமும் வந்திருக்கிறாய்.

இருநூறு அடி. நான் கல்லைக் காட்டியிருந்தால், காத்திருந்து விட்ட நாய் கால் மணித்தியாலத்தில் கண்டுபிடித்திருக்கும். வயிற்றில் குண்டோடு அது எவ்வளவு நேரம் அங்கே படுத்திருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கோயிலில் நின்ற நேரம் அது உயிரோடு இருந்திருக்கலாம். அந்தப் பாசியில் குந்தியிருந்து அழுதேன். மரைக்காக அழுதேனா உனக்காக அழுதேனா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

அங்கிருந்து நேராக ஆர்னேயின் வீட்டுக்குப் போனேன். அவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். காலணியெல்லாம் சேறு, கையில் கொம்பு. வணக்கம்கூடச் சொல்லாமல் சொன்னேன். அது பொம் இல்லை, வயிற்றில் பட்டது, எனக்கு அப்போதே தெரியும், இடத்தை மாற்றிக் காட்டினேன் என்று. ஏன் என்று கேட்டார். கோயில் திருவிழா என்றேன். அவருடைய மொழியில் அதைச் சொல்லும்போது எவ்வளவு சின்னக் காரணமாக இருந்தது தெரியுமா.

அவர் கையுறையைக் கழற்றினார். விறகுக்கு மேல் வைத்தார். பிறகு சொன்னது எனக்குத் தெரியாத ஒன்று.

"அன்று பின்னேரம் அவள் வந்து நாயைக் கேட்டாள். அடுத்தநாள் விடியத் திரும்பத் தேடவேண்டும் என்றாள். ஏன், நீதானே பார்த்து ஒன்றும் இல்லை என்று சொன்னாய் என்றேன். அவள் காரணம் சொல்லவில்லை. மனதுக்குச் சரியில்லை என்று மட்டும் சொன்னாள். பார்த்த இடம் பார்த்ததுதான் என்று நான் அனுப்பிவிட்டேன்."

ஸ்டேசனில் என்னை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்க் கேட்டிருக்கிறாய். ஒரேயொரு வசனம் சொல்லியிருந்தால் நாய் கிடைத்திருக்கும். 'அவள் காட்டிய இடத்தில் குளம்பு அடையாளம் இல்லை.' அவ்வளவுதான். அதைச் சொன்னால் என்னைக் குழுவில் இருந்து தூக்கிவிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்காமல் அந்த மிருகத்தை விட்டுவிட்டாய். பிறகு மூன்று வருடம் மெழுகுதிரி கொளுத்தினாய். நான் என்னுடைய பாவத்தை மட்டும் பொத்திப் பொத்திக்கொண்டு திரிந்தேன், உன் கையிலும் ஒரு பாதியைத் தந்திருக்கிறேன் என்று தெரியாமல். நான் சொல்லியிருந்தால் நீயும் சொல்லியிருப்பாய். அதற்காகத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாய்.

என்னைப் போகச் சொல்லுவார் என்று நின்றேன். கடைசியில், "இந்த வருடம் துவக்கு வேண்டாம்" என்றார். சரி என்றேன். "நாயின் கயிற்றை நீ பிடி. யார் சுட்டாலும், பட்டது என்றாலும் தப்பியது என்றாலும், நீதான் போய்ப் பார்க்கவேண்டும். கண்டுபிடிக்கும் வரைக்கும் வீட்டுக்குப் போகமுடியாது." அதற்கும் சரி என்றேன். அவர் கையுறையைத் திரும்பப் போட்டுக்கொண்டார். நான் கொஞ்ச நேரம் விறகு எடுத்துக் கொடுத்தேன்.

இந்த வருடமும் சஷ்டி வேட்டைக் காலத்துக்குள்தான் வரும். விரதம் பிடிப்பேன், இந்த முறை சொல்லிவிட்டே பிடிப்பேன். ஆறாம் நாள் எங்கே நிற்பேன் என்று எனக்குத் தெரியாது, அது அன்றைக்குச் சுடுகிறவரின் கையில் இருக்கிறது. கோயிலில் என்னைக் காணாவிட்டால் சனம் கேட்கும். காட்டுக்குப் போய்விட்டாள் என்று மகள் சொல்லட்டும், அவளுக்கும் சொல்லிவிட்டேன்.

உன் ரிப்பனை அவிழ்த்துக் கொண்டுவந்தேன். கொம்பை அங்கேயே, மண்டையோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம் என்றுதான் போனது. முடியவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். இதோ மேசையில் கிடக்கிறது. ரிப்பன் என் வேட்டைச் சட்டையின் பொக்கற்றில் இருக்கிறது. இப்போதும் எழும்பி நடக்கத்தான் கால் உன்னுகிறது, ஆனால் இதை எழுதி முடிக்கும்வரை எழும்புவதில்லை என்று இருக்கிறேன். நீ இரி கா என்று சொன்னாய் அல்லவா. இருக்கிறேன். இனிக் கேள்.

ஓம். சொல்லக் கிடக்கு. அது பேர்ச்சடியிலை நிக்கேல்லை. அங்காலை, அந்தப் பெரிய கல்லுக்கு முன்னாலை நிண்டது. பட்டது. நான் பாத்தனான்.